பதினாலாம் நம்பர்

கடற்கரைத் தெருவில் எனக்குக் 'கண்டிஷன் அக்கா' என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். விடுமுறைக்கு வந்து, கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிறேன் என்று நிற்பவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவள் கண்டிஷன் போடாமல் கொஞ்சிக்கொண்டா இருக்க முடியும்? ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஹோட்டல் பால்கனியில் காயப்போடாதீர்கள். படகில் விட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள். திருப்பி என் கைக்கு வரும்வரை அது உங்கள் பொறுப்பு; தொலைந்தாலும் திருடு போனாலும் உங்கள் பொறுப்பு.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு ஜோடி கடை வாசலில் வந்து நின்றது. நின்ற நிற்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, பத்து நிமிஷம்தான் போனோம். கார் பூட்டித்தான் இருந்துச்சு" என்றான் புருஷன். "பின்கண்ணாடிய உடைச்சுட்டாங்க."

"சாப்பிடப் போனீங்களா?"

"இல்லக்கா, ஜூஸ் குடிக்க."

"ஓஹோ, ஜூஸுக்கு நான் கண்டிஷன் போடலையா? நேத்து தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேனே, யாரு காதுல விழுந்துச்சு அது?"

அவன் தலையைச் சொறிந்தான். போனது அந்தப் பெண்ணுடைய ரெகுலேட்டர் மட்டும்தான். முதுகிலிருக்கும் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவருகிற குழாயும் வாய்ப்பிடியும் அது. ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும், கண்ட இடத்தில் விற்கலாம், திருடர்களுக்கு அதுதான் செல்லப்பிள்ளை. நான் ஃபாரத்தைப் பிரித்து, "பதினாலாம் நம்பர்" என்று உரக்கப் படித்தேன்.

பின்னறையில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியின் கைச்சத்தம் நின்றது. வெளியே வந்தான். சுவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நானும் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழுதான ரெகுலேட்டரைச் சுவரில் வாய்ப்பிடி மேலே பார்க்கும்படி தலைகீழாக மாட்டுவோம். நல்லதெல்லாம் வாய்ப்பிடி கீழே பார்த்துத் தொங்கும். சனிக்கிழமை ஒருவர், ஆழத்தில் காற்று சரியாக வரவில்லை என்று பதினாலாம் நம்பரைத் திருப்பித் தந்தார். தம்பி சோதித்துவிட்டு, மேலே இருக்கும்போது நன்றாகத்தான் வரும், ஆழத்துக்குப் போகப் போக இறுகும் என்று சொல்லித் தலைகீழாக மாட்டினான். அது உப்போடு இருந்ததை நான்தான் பார்த்தேன். உப்போடு ஒரு சாமான் தொங்கினால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எடுத்து நல்ல தண்ணீரில் அலசினேன். அலசியது வடிய வேண்டுமென்றால் வாய்ப்பிடி கீழேதானே பார்க்க வேண்டும்? பதினெட்டு வருஷத்துக் கை, அது பாட்டுக்கு நேராக மாட்டிவிட்டது. மறுநாள் அதே கை அதை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தது.

அதுவரை பேசாமல் நின்ற பெண் மெல்லக் கேட்டாள். "அக்கா, நேத்து கீழ போனப்ப மூச்ச இழுக்க இழுக்க வரவே இல்ல. இவர் கையப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்துட்டாரு. பயத்துலதான் அப்படின்னாரு. அப்படித்தானேக்கா?"

"மொத தடவ எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கும்" என்று தம்பி முந்திக்கொண்டான்.

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். ஊருக்கே உபதேசம் பண்ணுகிற என் வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. நஷ்டம் எதுவும் கட்ட வேண்டாம், போய் வாருங்கள் என்றேன். அவன் கும்பிட்டு, "நீங்க தெய்வம்க்கா" என்றான். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர்கள் தலை மறைந்ததும் தம்பியைப் பிடித்தேன். "டேய், அது இப்ப எவன் கையிலயோ இருக்கு. மாட்டிக்கிட்டு உள்ள போனான்னா?"

"திருடுனவன் கடலுக்குள்ள போறதுக்கா திருடுனான்? வித்திருப்பான்."

"வாங்குனவன் போவானே! அது கெட்டுப்போனதுன்னு நோட்டீஸ் ஒட்டிடலாம்டா."

"வாங்குனவன் சர்வீஸ் பண்ணிட்டுத்தான் போவான். அக்கா, நான் சொல்றதக் கேளு. கெட்டுப்போன சாமான வாடகைக்கு விட்டோம்னு நாமளே செவுத்துல ஒட்டுனா நாளைக்கே லைசென்ஸ் போயிடும். என் ரெண்டு பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

அவன் பிள்ளைகளை இழுத்தால் நான் அடங்கிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். அடங்கினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் என் கையாலேயே நோட்டீஸ் எழுதினேன். பதினாலு என்று நம்பர் போட்ட ரெகுலேட்டர் எங்கள் கடையைச் சேர்ந்தது, திருடு போய்விட்டது, வைத்திருப்பவர்கள் திருப்பித் தரவும், எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம். கீழே கடை விலாசம். படகுத்துறையில், சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிற இடத்தில், ஹோட்டல் வாசல்களில் என்று இருபது இடங்களில் ஒட்டினேன். ஒட்டி முடித்து வந்தபோது, பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி ஒரு டீகூடக் குடித்தேன். வெட்கங்கெட்டவள்.

ஒருவரும் வரவில்லை. தெருவில் பையோடு போகிற ஆளையெல்லாம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் காற்று நிரப்புகிறவர் கடைக்கு வந்து, பாறைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இறந்துவிட்டார் என்று சொன்னார். பஸ் டிப்போ மெக்கானிக்காம். லீவு நாளில் தனியாகக் கடலுக்குள் போய்வருகிற பழக்கமாம்.

"என்ன ரெகுலேட்டர் போட்டிருந்தாரு?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செத்துப்போன ஆளப் பத்திக் கேக்கற கேள்வியாம்மா இது? நெஞ்சு வலியா இருக்கும்னு பேசிக்கிறாங்க."

"பாத்தியா, நெஞ்சு வலி" என்றான் தம்பி. அன்று முழுக்க அதையே நாலைந்து தடவை சொன்னான்.

அதற்கப்புறம் என் மூச்சு என்னுடையதாக இல்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு ரெகுலேட்டரையும் வாயில் வைத்து மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது என் வேலை. முதல் மூச்சு வரும். இரண்டாவதும் வரும். மூன்றாவதை நான் இழுப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்துக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பிரமை கிரமை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். தம்பி வாங்கி இழுத்தால் காற்று ஜோராக வந்தது. நான் வைத்தால் மூன்றாவது மூச்சில் குழாய் எதிர்ப்பக்கம் இழுபட்டது. அந்த இழுப்பில் ஒரு அவசரம் இருந்தது. சாமான் அலசுகிற தொட்டியில் தண்ணீரைத் தவிர ஒன்றுமே இல்லாதபோது அடியிலிருந்து குமிழி வந்தது. ஒன்று வரும், நின்றுவிடும். அடுத்தது வருமா என்று தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வந்துவிடு, வந்துவிடு என்று வாய்விட்டே கெஞ்சியிருக்கிறேன்.

"அக்கா, நீ டாக்டரப் பாரு" என்றான் தம்பி.

"நீ மொதல்ல உன் மூஞ்சியக் கண்ணாடியில பாரு" என்றேன். அவனும்தான் இளைத்துப்போயிருந்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியான வேளையில் ஒரு பெண் கடைக்குள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையிலிருந்த துணிப்பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பதினாலாம் நம்பர். பின்னறைக் கதவில் வந்து நின்ற தம்பி அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"இது உங்களோடதுதானேங்க? போலீஸ்காரங்க நேத்துதான் அவரோட சாமானெல்லாம் திருப்பிக் கொடுத்தாங்க" என்றாள். "அவரு டிப்போவுல மெக்கானிக்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"சந்தையில நான்தாங்க வாங்குனேன், அவரு பிறந்தநாளுக்கு. பழசு ஓட்டையா இருக்குன்னு ரொம்ப நாளாச் சொல்லிட்டே இருந்தாரு. அடிச்சுப் பேசி வாங்கிட்டு வந்தேன், பெருமையா. உங்க நோட்டீஸ அவரு பாத்துட்டு வந்து சொன்னாருங்க. திருட்டுச் சாமானாம்டி, ஞாயித்துக்கிழம கொண்டுபோய்க் கொடுத்துடலாம், அதுக்குள்ள ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துடறேன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

நான் பதினாலாம் நம்பரை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மாமியார் என்கிட்டப் பேசறதில்ல. திருட்டுச் சாமான வாங்கி வந்து எம் பிள்ளையக் கொன்னுட்டாங்கறாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இது நல்ல சாமான்தானேங்க? நல்லா இருந்துச்சுன்னா, அவருக்கு நெஞ்சு வலிதான்னு நானும் மனசத் தேத்திக்குவேன்."

கதவோரத்தில் தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். நல்ல சாமான்தான் என்று சொன்னால் போதும். கடை பிழைக்கும், அவன் பிள்ளைகள் பிழைக்கும். இவளுக்குக்கூட அது ஆறுதல்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளே இழுத்த மூச்சு பாதியில் நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள்.

"நல்ல சாமான் இல்லம்மா" என்றேன். "கெட்டுப்போனது. ஆழத்துக்குப் போனா மூச்சு வராது. தெரியாம வாடகைக்குக் கொடுத்தது நான். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நோட்டீஸ் ஒட்டறப்பவே அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு படிக்கறதுல ரொம்ப நிதானங்க. ஒரு வரி விடமாட்டாரு." பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இது கெட்டுப்போனதுன்னு இன்னொரு வரி எழுத அதுல இடம் இல்லாமப் போச்சா?"

"இடம் இருந்துச்சும்மா" என்றேன்.