நாலாவது சுற்றில் காளான்

கண்ணாடிக் கதவில் மூக்கு ஒட்ட நிற்கிறேன், உள்ளே வற்றிப்போன நீரூற்று, நின்றுபோன நகரும் படிகள், கூரை ஒழுகி ஊறிய கம்பளம், ஒஹையோவின் இந்த ஷாப்பிங் மாலை மூடி ஒரு வருஷமாச்சு மாமா என்கிறாள் மருமகள் பிருந்தா, எல்லாரும் போன்லயே வாங்கிடறாங்க, இங்க யாரு வருவா, அன்று நாங்கள் என்ன வாங்கவா வந்தோம், ஆறு வருஷத்துக்கு முன் வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே கதகதப்பு, நானும் ஹெட்மாஸ்டர் சாரும் தினம் நாலு சுற்று நடப்போம், அவர் ராஜபாளையம், நான் ஈரோடு, மின்வாரியத்தில் இருந்ததால் அவருக்கு நான் ஈ.பி. சார், இங்கே இருந்த ஆறு மாதமும் சார், சார் என்றே ஓடிவிட்டது, பெயரும் கேட்கவில்லை, நம்பரும் வாங்கவில்லை, நாளைக்கும் இங்கேதானே பார்க்கப்போகிறோம், இவ்வளவு பெரிய கட்டடம் எங்கே ஓடிவிடும்.

நாலாவது சுற்று முடிந்தால் சீனக் கடை, பல்குச்சியில் குத்தி ஓசியில் நீட்டுவார்கள், காளான் சார், தைரியமா சாப்பிடுங்க என்று சொன்னது நான்தான், அவரோ முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாதவர், சத்தியமாகக் காளான் என்றுதான் நினைத்தேன், மூன்றாம் நாள் அவர் கைகழுவப் போன நேரத்தில் கடைப் பெண்ணைக் கேட்டால் சிக்கன் என்கிறாள், நாளைக்குச் சொல்லலாம், நாளன்றைக்குச் சொல்லலாம், அவரோ என்ன ஈ.பி. சார், காளானுக்கு நேரமாகலையா என்று முன்னால் நடக்கிறார், விசா முடிந்து விமானம் ஏறிவிட்டேன், ஒரு மனுஷரின் அறுபத்தைந்து வருஷ விரதத்தைக் கெடுத்த பாவம் கூடவே வந்தது, இந்தத் தடவை பார்த்ததும் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று வந்தால் கதவில் பூட்டு.

அவர் பேரைச் சொல்லுங்க மாமா, வாட்ஸ்அப் குரூப்ல போடறேன், ஹெட்மாஸ்டர் சாரும்மா, அது பேரா மாமா, சரி கிளம்புங்க, வெள்ளிக்கிழமை, கோயில் நடை சாத்திடுவாங்க, வெள்ளிக்கிழமை, அவள் சொன்னதும் உள்ளே ஏதோ அசைகிறது, வெள்ளிக்கிழமைகளில் சார் நீரூற்றோரமே உட்கார்ந்துவிடுவார், இன்னிக்குக் காளான் வேணாம் சார், அமாவாசையன்றும் அப்படித்தான், அப்பாடா, ஒருநாள் பாவம் மிச்சம் என்று மூச்சுவிட்டேனே தவிர யோசித்தேனா, காளானுக்கு ஏது வெள்ளி, காளானுக்கு ஏது அமாவாசை, அட கள்ள ஹெட்மாஸ்டரே, சிரிப்பு பொங்கி என் மூச்சு கண்ணாடியில் படிகிறது, கம்பளமும் படிகளும் மறைகின்றன, மறைந்த இடத்தில் அன்றைய நீரூற்றில் தண்ணீர் பீறிட்டு எழுகிறது, சார் மப்ளரை இறுக்கிக்கொண்டு எழுந்து வருகிறார், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சார், ரெண்டு குச்சியா வாங்குங்க என்கிறார்.