அசல் காட்டன்

லோகநாயகியின் வேலை, பருத்தித் துணியை மண்ணில் புதைப்பது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். அண்ணாமலை நகரில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். வயல் வயலாகப் போய்க் கையகலத் துண்டுகளைப் புதைத்து, குச்சி நட்டுத் தேதி எழுதிவிட்டு வருவாள். பிறகு தோண்டிப் பார்ப்பாள். துணி எவ்வளவு மக்கியிருக்கிறதோ, அந்த மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவ்வளவு உயிர்ப்போடு வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். புருஷன் மணவாளன் நெஞ்சுவலியில் போன அன்று கழற்றிப் போட்டிருந்த சட்டையை, வேர்வை ஈரத்தோடு பாலிதீன் கவரில் போட்டு, இறுகக் கட்டி பீரோவில் வைத்துவிட்டாள். அவர் வாசனை போய்விடக் கூடாதாம்! பிரித்தால் போய்விடுமென்று இரண்டு வருஷமாகப் பிரிக்கவேயில்லை. அது உள்ளே இருக்கிறது என்ற தெம்பில்தான் அந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

மணவாளன் திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். அந்தச் சட்டைமேல் அவருக்கு அவ்வளவு பெருமை. "அசல் காட்டன்டி. தையல் நூல்கூட காட்டன். நீ தச்ச பட்டன் மட்டுந்தான் டூப்ளிகேட்டு" என்பார். அறுந்து விழுந்த பட்டனை அவள் கைக்குக் கிடைத்த ஊதா பாலியஸ்டர் நூலில் தைத்திருந்தாள்.

2008 கார்த்திகையில் அடித்த மழையில் நான்கு நாள் வெளியே கால் வைக்க முடியவில்லை. பேச ஒரு ஆளில்லை. நான்காம் நாள் மத்தியானம், தாங்க முடியாமல் கவரைப் பிரித்தாள். சட்டை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. மூக்கில் வைத்து இழுத்தாள். மக்கல் வாடைதான் வந்தது. மணவாளன் அதில் எங்கேயும் இல்லை.

"அடிப் பாவி, ஈரத்தோட மூடி வச்சா என்னாவும்னு உனக்கா தெரியாது?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மழை விட்டு வேலைக்குப் போனதும், பக்கத்து மேஜை இளமதியிடம் சொன்னாள். "தொவச்சிப் பாருங்கக்கா. போவலன்னா தூக்கிப் போட்டுடுங்க. அத வச்சிக்கினு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் இளமதி.

துவைத்தால் மிச்சமீதியும் போய்விடும். குப்பையில் போட மனசு வரவில்லை. எரிக்கலாமென்றால், ஒரு தடவை எரித்தது போதாதா? கொல்லையில் கறிவேப்பிலைச் செடியோரம் குழி தோண்டிப் புதைத்தாள். பழக்க தோஷம், குச்சி நட்டுத் தேதியும் எழுதினாள்.

மாசி மாதம் தோண்டினாள். என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை.

ஒரு இழைகூட இல்லை. பொலபொலவென்று கறுப்பு மண். அதற்குள் செடியின் இளம் வேர்கள். விரலால் சலித்ததில் ஆறு பட்டன்கள் கிடைத்தன. ஐந்தில் துளைகள் வெறுமையாக இருந்தன. ஆறாவதில் ஊதா நூல், அவள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சொன்னது நெசந்தான் மாமா" என்றாள், வாய்விட்டு. "அசல் காட்டன்தான்."

'நான் சொல்லல?' என்று அவர் கேட்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பிறகு அழுதாள்.