அமீனுக்கு ஓர் உதாரணம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. ஒரு வகுப்பே சேர்ந்து சிரித்த சிரிப்பு. வரவழைத்தவள் நான். ஒன்பது வருடமாக இதை எழுத உட்காருகிறேன். 'நான்' என்ற சொல்லைப் போட்டதும் எழுந்து போய்விடுகிறேன். ஆகவே அவளுக்கு மாளவிகா என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். தள்ளி நின்று பார்த்தால்தான் கை ஓடுகிறது. கோழைத்தனம் என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'வேதியியல் வகுப்பின் ஜன்னல் வழியே அன்று நல்ல வெயில்—'

அடித்துவிட்டேன். வெயிலுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: 'ஜான்சி பாவப்பட்ட பெண்—'

இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அவளுக்காக உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். அதோடு ஒரு விஷயம் மறைந்துவிடும்: வகுப்பில் முதல் மதிப்பெண் ஜான்சியுடையது. மாளவிகா இரண்டாவது. எப்போதும் இரண்டாவது.

3

எம்.எஸ்ஸி. முதல் வருடம். மாளவிகா அபிராமபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். ஜான்சிக்குப் பட்டினப்பாக்கம், பஸ். அவள் அம்மா லூர்துமேரி கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர். விடிந்ததும் அம்மாவுக்கு மீன் அரிந்து கொடுத்துவிட்டுத்தான் ஜான்சி கல்லூரிக்குக் கிளம்புவாள்.

செமினாருக்கு ஜெயராம் சார் மாளவிகாவுக்குக் கொடுத்த தலைப்பு, வினைசெயல் தொகுதிகள். அழகாகத்தான் ஆரம்பித்தாள். பலகையில் இரண்டு கார்பன் அணுக்களை வரைந்தாள்.

"இது ஈத்தேன். வாயு. எரியும், வேற பெருசா ஒண்ணும் பண்ணாது. இதுல ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துட்டு ஓ.எச். போட்டா எத்தனால். வாயு திரவமாயிடும். தண்ணியோட கலந்துடும், ஏன்னா ஓ.எச். தண்ணியோட கை கோத்துக்கும். அதே ஓரத்துக் கார்பன் சி.ஓ.ஓ.எச். ஆனா, வினிகர்ல இருக்கற அமிலம். புளிக்கும். எல்லாத்துலயும் அதே ரெண்டு கார்பன்தான். ஓரத்துல எது ஒட்டிண்டிருக்கோ அதுதான் குணத்தைத் தீர்மானிக்கறது."

அடுத்து அமீன், ஓரத்தில் நைட்ரஜன் ஒட்டிக்கொண்ட வகை. தாளில் எழுதி வைத்திருந்த வாக்கியம்: 'சிறிய அமீன்கள் பலவற்றுக்கு மீன் வாடை உண்டு.' அதைப் படித்திருந்தால் போதும். நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஜான்சி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அமீன் எப்படி மணக்கும்னு* தெரியணுமா? ஜான்சி பக்கத்துல போய் உக்காருங்கோ."

வகுப்பு சிரித்தது. ஜெயராம் சார் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜான்சியும் சிரித்தாள். ('அவளே ஜாலியாத்தானே எடுத்துண்டா' என்று மாளவிகா பல வருடம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.) சிரிப்பு அடங்குவதற்குள் மாளவிகா பரிகாரத்தையும் சொன்னாள்: "எலுமிச்சம்பழம் தேச்சா போயிடும். அமிலம் அமீனோட சேர்ந்து உப்பாயிடும். உப்பு ஆவியாகாது, மூக்குக்கு வராது."

அந்த செமினாரில் மட்டும் முதல் மதிப்பெண் மாளவிகாவுக்கு.

* அவள் சொன்னது 'நாறும்'. மூன்று வரைவுகளில் 'மணக்கும்' என்று மாற்றி வைத்திருந்தேன்.

4

அடுத்த வாரம். பெண்கள் கழிப்பறைக் கதவை மாளவிகா பாதி திறந்தாள். குழாயடியில் ஜான்சி, அரை மூடி எலுமிச்சம்பழத்தை விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மீன் முள்ளும் கத்தியும் கிழித்த கீறல்கள் அந்த விரல்களில் எப்போதும் இருக்கும். சாறு பட்டதும் பல்லைக் கடித்துக் கையை உதறினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: மாளவிகா ஓடிப்போய் அந்தப் பழத்தைப் பிடுங்கி எறிகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு—

இல்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்பினாள். மதியம் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இன்னொரு முடிவு: ஜான்சி படிப்பை நிறுத்திவிட்டு—

அதுவும் பொய். ஜான்சி முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். அவள் நொறுங்கிப்போனால் கதைக்குக் கனம் கூடும் என்று எனக்குத் தோன்றியது பாருங்கள். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

5

போன மாதம் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மாளவிகா—

வேண்டாம், நான். நான்தான் போனேன். ஜான்சி இப்போது ஒரு பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருக்கிறாள். திருவான்மியூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். ஒரு இடத்திலும் முகம் மாறவில்லை.

"கெமிஸ்ட்ரி தப்பா கீது," என்றாள்.

"எது?"

"நல்ல மீனு நாறாதுடி. புது மீன்ல அந்த அமீன் மேல ஒரு ஆக்சிஜன் ஒட்டிக்கினு கீது. அதுக்கு வாடையே இல்ல. செத்து நேரமாச்சுன்னா பாக்டீரியா அந்த ஆக்சிஜனைப் பிச்சிடும். அதுக்கப்புறம்தான் நாறும். எங்கம்மா கடல்லேர்ந்து வந்த மீனை அப்பயே வித்துடும்."

"இது அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கையத் தூக்கினா எல்லாரும் என் கையப் பாப்பாங்க. அதான் தூக்கல."

கேட்கக்கூடாததைக் கேட்டேன். "அப்போ அந்த எலுமிச்சம்பழம்?"

"வாடை இருந்துச்சா இல்லையா எனக்குத் தெரியாது. நீ சொன்னதுலேர்ந்து எனக்கு அடிச்சிக்கினே கீது. இப்பவும் பஸ்ல பக்கத்து சீட்ல ஆள் எழுந்து போனா, கைய மோந்து பாப்பேன்."

6

"மன்னிச்சுடு ஜான்சி," என்றேன். ஒன்பது வருடம் ஒத்திகை பார்த்த வார்த்தை. வெளியே வந்தபோது அற்பமாக இருந்தது.

தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "போட்டுக்கோ. என் பேரை மாத்தாத. ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத."

"மன்னிக்கலைன்னு எழுதட்டுமா?"

"அதுவும் எழுதாத. அது என்னுது."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்துக்கு வந்ததும், முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவர் ஒதுங்கிக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மன்னிக்கவும். அவளுடையதை எடுத்து உங்களிடம் கொடுக்க எனக்கு உரிமையில்லை.