கிளெனிஸ் கடையின் முதல் முன்பதிவு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தலை ஈரமாக இருந்தபோது. புரோக்கன் ஹில் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு முடி வெட்டுகிறவள் கிளெனிஸ் ட்ரெவாரோ. கையில் கத்தரி இருந்தால் அவள் வாய் ஓயாது. அன்றைக்கு மட்டும் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த மிச்சப் பாதி என்னைத் தூங்கவிடாததால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைநிலத்தின் விளிம்பில், செம்மண் புழுதிக்கு நடுவே, ஒரு சின்னஞ்சிறு...'

(வேண்டாம். வாசலில் புழுதி தங்கவே விடமாட்டாள். தினமும் குழாய் பிடித்துக் கழுவுகிறாள்.)

2

சங்கதி இவ்வளவுதான். அவளுடைய முடிவெட்டும் கடைக்கு ஒரு வலைத்தளம் இருந்தது. அதில் ஒரு படமும் தொலைபேசி எண்ணும் மட்டும். அழைக்கிறவர்கள் அழைத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கை ரெண்டுலயும் சாயம். போன் அடிக்குது. மூக்காலயா எடுக்கிறது?" என்றாள் கிளெனிஸ்.

"எடுத்தா மட்டும் என்ன, ஊர்க்கதைதானே பேசுவ," என்றான் அவள் கணவன் டெஸ். சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். "அவங்களே பாத்து நேரம் எடுத்துக்கிற மாதிரி பண்ணித்தரேன். உனக்குத் தொண்டைத்தண்ணி மிச்சம்."

சமையலறை மேஜையில், டீயும் பிஸ்கட்டுமாக, முன்பதிவுப் பக்கம் தயாரானது.

"எந்த மாநிலம்னு கேக்குது."

"நியூ சவுத் வேல்ஸ். அதுகூட மறந்துபோச்சா?"

"சும்மா உன்னைச் சோதிச்சேன்," என்று திரையில் அதையே அழுத்தினான்.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு, தாண்டிப் போய்விடாதீர்கள். எங்கள் ஊர் இருப்பது நியூ சவுத் வேல்ஸில். கடிகாரம் மட்டும் பக்கத்து மாநிலத்து அடிலெய்டுடையது, சிட்னிக்கு அரை மணி பின்னால். வெளியூர்க்காரன் என்றால் நேரத்தையும் சரிபார்த்திருப்பான். டெஸ் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஊரில் ஓடுவதுதான் நேரம் என்பது அவன் எண்ணம். பக்கம் சிட்னி நேரத்தை எடுத்துக்கொண்டது.)

3

மறுநாள் காலை கிளெனிஸின் கைபேசியில் முதல் முன்பதிவு விழுந்தது. இன்று பிற்பகல், மூன்றரை. வெட்டி உலர்த்த. வால்மாய் ஹோஸ்கிங்.

வால்மாய் அவளுடைய தங்கை. இருவரும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. அம்மா இறந்தபோது சவப்பெட்டியில் வைக்குமுன் கிளெனிஸ்தான் தலை அலங்காரம் செய்தாள். வந்திருந்தவர்கள் எல்லார் முன்னாலும் வால்மாய் சொன்னாள்: "அம்மா மாதிரியே இல்ல." அதற்குப் பிறகு முடி வெட்ட மூன்று மணி நேரம் காரோட்டி மில்டூராவுக்குப் போகிறாள். ஊருக்கே தெரியும்.

(வால்மாயை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், பேக்கரி வரிசையில். நல்ல வெட்டு. அவள் கெட்டவள் இல்லை என்று நினைக்கிறேன். துக்கத்தில் வாய் தவறியிருக்கலாம். அப்படி எழுதினால் கிளெனிஸ் எனக்கு இனி முடி வெட்டமாட்டாள், இருந்தாலும் எழுதிவிட்டேன்.)

"பாத்தியா டெஸ். பேசாம வர வழி கிடைச்சதும் வரா."

"வரட்டுமே. உனக்கும் அதுதானே வேணும்."

கிளெனிஸ் நாற்காலியை இரண்டு முறை துடைத்தாள்.

4

மூன்றரை ஆனது. யாரும் இல்லை. கிளெனிஸ் சீப்புகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று... (அடித்துவிட்டேன். ஏதோ ஒன்றாவது! தங்கை வரவேண்டும் என்று தவித்தாள். அவ்வளவுதான்.) நேரம் போகப் போகத் தவிப்பு கோபமானது.

"விளையாடிப் பாக்குறா. என்னை உக்கார வச்சு வேடிக்கை பாக்கணும்னே நேரம் எடுத்திருக்கா," என்று கைபேசியை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

இந்த இடத்தில்தான் என்னிடம் கதையை நிறுத்தினாள். "அப்புறம்?" என்றேன். "தலையைக் குனி," என்றாள். டெஸ் செய்த கூத்தைப் பின்னால் கண்டுபிடித்ததை மட்டும் சொன்னாள். ஊரில் யாரைக் கேட்டாலும் மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கவில்லை.

5

இனி வருவது என் கற்பனை. வால்மாய் தெருமுனையில் காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறாள். முன்பதிவுப் பக்கத்தில் அவள் பார்த்து எடுத்த நேரம் நான்கு மணி; அது சிட்னி நான்கு என்பதால் கிளெனிஸின் கைபேசி அதை ஊர் நேரமாக்கி மூன்றரை என்று காட்டியது. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கைபேசி ஒலிக்கிறது, அக்காவின் பெயர். முன்பதிவில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, வராதே என்று சொல்லத்தான் அக்கா கூப்பிடுகிறாள் என்று நினைக்கிறாள்.

ஒரு முடிவு: எடுக்காமல் வண்டியைக் கிளப்புகிறாள். எழுதிப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை.

இன்னொரு முடிவு: எடுக்கிறாள், இருவரும் அழுகிறார்கள், டெஸ் டீ போடு— (டெஸ்ஸை யார் கூப்பிட்டது?)

அதனால் வால்மாயின் கைபேசியை உங்களிடம் தருகிறேன். எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு. எடுத்தால் முதலில் காதில் விழப்போவது திட்டுத்தான். ஏன் வரல, வரமாட்டேன்னா எதுக்கு நேரம் எடுத்த என்று கத்தப்போகிறாள் கிளெனிஸ். வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தவள் மட்டும்தான் அப்படிக் கத்துவாள். அது வால்மாய்க்குப் புரியும்வரை நீங்கள் வைத்துவிடாமல் இருந்தால் போதும்.