நல்ல கேள்வி, வெண்மதி

"சீட்டுல எழுதியிருக்கறத மட்டும் படிம்மா. சொந்தமா ஒரு வார்த்தை சேக்காத," என்றார் ராபர்ட்.

வெள்ளாறு பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் படிப்புக்குக் கடலூரில் இருந்த மையம் அது. ராபர்ட் அதன் பொறுப்பாளர். 2009-ல் பலகையில் 'அஞ்சல்வழி' என்பதை அழித்து 'இணையவழி' என்று எழுதிக்கொண்டார்கள். மாறியது அவ்வளவுதான், பெயிண்டு ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியிலிருந்து பேராசிரியர் உத்திராபதி புள்ளியியல் நடத்துவார். முப்பது மையங்களில் திரையில் தெரிவார். கடைசிப் பத்து நிமிடம் கேள்வி நேரம். கேள்விகளை மையத்துக்காரர்களே எழுதி, கேட்பவர் பெயரோடு முதல் நாளே அவருக்கு அனுப்பிவிடுவார்கள்.

வெண்மதி சீட்டைப் பார்த்தாள். 'ஐயா, புள்ளியியலின் பயன்கள் யாவை?'

"இது எனக்குத் தெரியும் சார். எனக்கு வேற சந்தேகம். புஸ்தகத்துல பிளஸ், அதே சூத்திரத்துக்கு உங்க ஸ்லைடுல மைனஸ். வருஷா வருஷம் அந்தப் பதினஞ்சு மார்க் வருது. பிளஸ் போட்டு ரெண்டு தடவை ஃபெயிலு. இந்தத் தடவையும் போச்சுன்னா என் பதிவே காலாவதி. அப்புறம் பி.எட்.டாவது ஒண்ணாவது, ஜவுளிக்கடையில பில்லு போட்டுக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்."

"மெயில்ல கேளு."

"மூணு மெயில் போட்டேன். மூணுக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி'ன்னு பதில் வந்துச்சு."

மைக் கைக்கு வந்தது. சீட்டை மடித்துக்கொண்டு, "சார், மூணாம் பாடத்துல அந்தக் குறி..." என்று வெண்மதி ஆரம்பிக்கும்போதே மைக் செத்துவிட்டது. திரையில் உத்திராபதி மட்டும் கேட்கிற மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல கேள்வி, வெண்மதி. புள்ளியியலின் பயன்கள் பல," என்றார்.

அறையே சிரித்தது. "நீ இன்னிக்கு லீவு போட்டிருந்தாலும் நல்ல கேள்விதான் கேட்டிருப்ப!" என்றார் பின்வரிசையில் காடாம்புலியூர் சபாபதி.

வெண்மதி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "சிதம்பரத்துக்கு பஸ்ஸுல போனா ஒண்ணேகால் மணி நேரம். நேர்லயே கேட்டுக்கறேன்."

"நேர்ல கேக்கறதுக்கெல்லாம் நம்மகிட்ட சிஸ்டம் இல்லம்மா!" என்று ராபர்ட் வாசல்வரை வந்து கத்தினார்.

மண்டபத்து மாடியில் உத்திராபதி டையைத் தளர்த்திவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ?"

"நல்ல கேள்வி கேட்டேனே சார், அந்த வெண்மதி."

அவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவள் நீட்டிய நோட்டைப் பார்த்தார்.

"பிளஸ்தான் சரி."

"அப்ப ஸ்லைடு?"

"டைப் அடிச்சவங்க தப்பு."

"திருத்தலாமே சார்."

"கமிட்டி கூடணும். முப்பது மையத்துக்கும் சி.டி. போயிடுச்சு. விடைக்குறிப்பும் அதைப் பாத்துதான் போட்டிருக்காங்க."

"அப்ப சரியா எழுதினதுக்கா ரெண்டு தடவை என்னை ஃபெயிலாக்கினீங்க?"

உத்திராபதி டிபன் பாக்ஸை மூடினார். "இந்தத் தடவை மைனஸ் போட்டுடும்மா. தேறிடுவ."

வெண்மதி மைனஸ் போட்டாள். நாற்பத்தாறு வாங்கித் தேறினாள்.

அடுத்த வாரம் மையத்து வாசலில் பிளெக்ஸ் தொங்கியது. அவள் படம். கீழே, 'இணையவழியில் சாதித்த எங்கள் மாணவி!'

"எப்படி இருக்கு?" ராபர்ட்டுக்கு வாயெல்லாம் பல்.

"அவுத்துடுங்க சார்."

"ஏம்மா, படம் நல்லா விழலயா?"

"படம் நல்லாத்தான் விழுந்திருக்கு. தப்பா எழுதினவ மூஞ்சிய வாசல்ல மாட்டலாமா?"

"ஊருக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே சார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கயிற்றை அவளே அவிழ்த்தாள்.