நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம்

"பிரசாத், இன்னும் ஒருதரம் சொல்லு. ஆரம்பம் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?"

செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அடுத்தவருடைய பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள் ஸுப்ரியா. மட்டாஞ்சேரியில் அவள் நூலகராக இருந்த கல்லூரி நூலகத்தின் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, 'இன்று இருப்புச் சரிபார்ப்பு. நூலகம் விடுமுறை' என்று அவளே எழுதி ஒட்டிய காகிதம். சுத்தப் பொய்.

"பெரிசு. மத்ததெல்லாம் சின்னது," என்றது போன். "இதோ பார், நான் சொன்னேன்னு ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியப்படாது. லைசென்ஸ்லே கொட்டை எழுத்திலே போட்டிருக்கான், வெளியாள் உபயோகிச்சா மொத்தக் கேம்பஸுக்கும் கனெக்‌ஷன் கட்டுன்னு."

"ஒரே ஒரு பக்கம்டா. பார்த்ததும் வெளியே வந்துடறேன்."

"திருடன் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான்."

கிருஷ்ணபிரசாத் காக்கநாட்டில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நூலகர். ஸுப்ரியாவோடு ஒன்றாகப் படித்தவன். வருஷா வருஷம் புது மாணவர்களைக் கூட்டி உட்காரவைத்து, காப்புரிமை பற்றி இருவரும் ஒரே பாடத்தைத்தான் நடத்துவார்கள். அந்தப் பாடத்தில் முதல் விதி, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்பது.

ஸுப்ரியாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் ஜிஷா. சாயம் போகாத புதுப் புடவை. கையில் தன்னுடைய ஆய்வேடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. வெளித் தேர்வாளர் காலையில் அனுப்பிய மின்னஞ்சல்தான் இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம். 'நான்காம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு பழைய கட்டுரையின் 112-ஆம் பக்கத்தை நம்பி நிற்கிறது. அந்தக் கட்டுரை எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. இந்தக் காலத்தில் சான்றுகளைக் கம்ப்யூட்டரே கற்பனை செய்து கொடுக்கிறது என்பது தெரிந்ததே. ஆய்வாளர் அந்தப் பக்கத்தைத் தேர்வின்போது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆய்வேட்டை நிராகரிக்கப் பரிந்துரைப்பேன்.'

கட்டுரை வந்தது, மட்டாஞ்சேரியில் ஒரு சங்கம் அறுபதுகளில் தொடங்கி மூன்று மாமாங்கம் நடத்திய வரலாற்றுக் காலாண்டிதழில். சங்கம் எப்போதோ கலைந்துபோனது. எழுதியவர் ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி. அவரும் இல்லை, வாரிசு யாரென்று யாருக்கும் தெரியவில்லை. பழைய இதழ்களை எல்லாம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கி, ஸ்கேன் செய்து, இணையத்தில் ஏற்றிப் பூட்டுப் போட்டுவிட்டது. கல்லூரி சந்தா கட்டிய வரைக்கும் கதவு திறந்திருந்தது. போன வருஷத்துக்கு முந்திய வருஷம் நிர்வாகம் கையை விரித்தது. அன்றிலிருந்து தலைப்பும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் தெரியும். உள்ளே நுழைய முடியாது.

"சந்தா நிக்கறதுக்கு முன்னாடியே நீ படிச்சுட்டே, இல்லையோ?" என்று காலையில் கேட்டாள் ஸுப்ரியா.

"ஆமா டீச்சர்," என்றாள் ஜிஷா, மேஜையைப் பார்த்துக்கொண்டே.

துறைமுகம் கட்டின காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து துப்புரவு வேலைக்கு அழைத்து வரப்பட்ட குடும்பங்களுக்கு, அவர்கள் குடியிருந்த மண்ணை அவர்கள் பேருக்கே எழுதித் தருவதாக அன்றைய நிர்வாகம் வாக்குக் கொடுத்தது என்பது ஜிஷாவின் நான்காம் அத்தியாயம். அதற்கு ஒரே அச்சுச் சான்று அந்தக் கட்டுரை. ஜிஷாவும் அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவள். அவள் அம்மா சரோஜம்மா கார்ப்பரேஷனில் இன்றைக்கும் தெருக் கூட்டுகிறாள். இன்று லீவு போட்டுவிட்டு, லட்டு டப்பாவோடு கல்லூரி வராந்தாவில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

ஸுப்ரியா என்டரைத் தட்டினாள். திரை வெளுத்தது. சின்னச் சக்கரம் சுழன்றது. கட்டுரையின் தலைப்பு மேலே தெளிந்து வந்தது. கீழே பக்கம் மங்கலாக உருவெடுக்கத் தொடங்கியது.

"வந்துடுத்து! ஜிஷா, வந்துடுத்து பாரு!"

ஜிஷா குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த நொடி திரை சிவந்தது. 'இக்கணக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இயங்குவதால் முடக்கப்பட்டது. தங்கள் நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டுள்ளது.'

போன் அலறியது.

"பாவி! என்ன பண்ணினே?" என்றான் கிருஷ்ணபிரசாத். "இங்கே மொத்த லைப்ரரியும் அணைஞ்சு போச்சு. ரீடிங் ஹால்லே பசங்க எழுந்து நின்னு கத்தறா. ரெஜிஸ்ட்ரார் கூப்பிடறார்."

"பிரசாத், நான்..."

"அச்சுப் புத்தகமா இருந்தா ஜெராக்ஸ் போட்டு அனுப்பிட்டு சாயா குடிக்கப் போயிருப்பேன். சட்டமே இடம் கொடுக்கறது. இது வாடகை வீடு ஸுப்ரியா. ஜன்னலைத் திறக்கக்கூட ஓனர்கிட்டே கேக்கணும். வை ஃபோனை, இனிமே கூப்பிடாதே."

அச்சுப் புத்தகம்.

ஸுப்ரியா சட்டென்று எழுந்தாள். அந்தக் காலாண்டிதழின் எல்லாத் தொகுதியும் இதே அறையில் சிவப்பு ரெக்ஸின் பைண்டில், கிழக்குச் சுவர் முழுக்க இருந்ததுதான். 'எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே, இடத்தை எதற்கு அடைத்துக்கொண்டு?' என்று மூன்று மாமாங்கத்துப் புத்தகங்களையும் கழித்துக் கட்டி, அங்கே டிஜிட்டல் லவுஞ்ச் போட்டார்கள். கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டதும் இவளேதான். சோபா வந்தது, சந்தா போனது.

"ஜிஷா, ஆக்ரிக்கடை ஷிபு நம்பர் உங்கிட்டே இருக்கோ?"

கல்லூரியின் பழைய சாமான்களை எடுப்பவன் ஷிபு. ஜிஷாவின் தெருக்காரன். மணி அடித்ததும் எடுத்தான்.

"செகப்பு புக்கா? ஓ, அது நல்லா ஓர்மை இருக்கே. அரவைக்குப் போகல்ல. பைண்டு அழகா இருக்குன்னு பஜார் ரோட்டுல அந்தப் புது கஃபேக்காரன் மொத்தமா அள்ளிட்டுப் போனான். எழுத்து எதுக்கு, கலர் போதும்னான்."

ஸுப்ரியா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். படியில் வைத்து ஜிஷா அவள் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், வேண்டாம். சாரமில்ல, பரவால்ல. விட்டுருங்க. பரீட்சைக்கு வர்ற சார்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"எதுக்கு மன்னிப்பு? நீ என்ன தப்புப் பண்ணினே? அந்த மனுஷனுக்குக் கிடைக்கல்லேன்னா இல்லேன்னு ஆயிடுமோ? ஏறு வண்டியிலே."

ஸ்கூட்டர் பஜார் ரோட்டில் புகுந்தது. மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரி ஒன்று தெருவை அடைத்து நின்றது. ஸுப்ரியா ஹாரனை விடாமல் அடித்தாள். 'என்ன சேச்சி, பிரசவமா?' என்று சுமட்டுக்காரர் ஒருவர் கேட்டதற்குக் கூட்டமே சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜிஷாவின் போன் அதிர்ந்தது. அவளுடைய வழிகாட்டியின் செய்தி: 'தேர்வாளர் வைட்டிலா தாண்டிவிட்டார். பக்கம் கிடைத்ததா?'

"கிடைச்சாச்சுன்னு அடி," என்றாள் ஸுப்ரியா.

ஜிஷா அடிக்கவில்லை.

கஃபே ஒரு பழைய இஞ்சிக் கிட்டங்கி. சுவரைச் சுரண்டி செங்கல்லை வெளியே தெரியவிட்டு, மஞ்சள் பல்பு தொங்கவிட்டிருந்தார்கள். எதிர்ச் சுவர் முழுக்கச் சிவப்புப் புத்தகங்கள். அதன் முன்னால் இரண்டு வெளியூர்ப் பெண்கள் உதட்டைக் குவித்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் சுதீர். அந்தக் கிட்டங்கியில் இஞ்சி மொத்த வியாபாரம் செய்த தமிழ்க் குடும்பத்துப் பையன்.

"சேச்சி, ஹலோ, அதத் தொடாதீங்க! அது டெகரேஷன்!"

"டெகரேஷனா? எங்க லைப்ரரி!"

"இருக்கட்டும், நான் ஆக்ரிக்காரன்கிட்ட வாங்கினது. எடுக்கவும் வராது. வர்றவன் போறவன் எல்லாம் உருவிப் பாக்கறான்னு அடியில ஃபெவிகால் ஊத்தி ஒட்டிட்டேன்."

ஸுப்ரியா ஒரு முதுகைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"மோனே, இந்தக் குட்டியோட படிப்பு முழுக்க இதுலே ஒரு பக்கத்துலே இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துலே பரீட்சை. ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தா. உனக்குப் புண்ணியமா போகும்."

சுதீர் ஜிஷாவைப் பார்த்தான். புதுப் புடவையையும் கன்னத்தில் இறங்கிய கண்மையையும் பார்த்தான்.

"எது?"

"அறுபத்தொண்ணாம் வருஷத் தொகுதி. மேல் தட்டு."

அவன் அடுக்களைக்குள் போய், ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்தான். "ரெண்டு கோல்ட் காபியாவது சொல்லுங்க சேச்சி, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க," என்று முனகிக்கொண்டே நாற்காலி மேல் ஏறி, புத்தகத்துக்கு அடியில் கத்தியைச் செருகி அறுத்தான். பசை கரகரத்தது. அட்டை கிழிந்து தட்டிலேயே தங்கிவிட்டது. உள்ளிருந்த காகிதக் கட்டு மட்டும் தூசியோடு ஸுப்ரியாவின் கைக்கு வந்தது.

"வேண்டாம் டீச்சர்," என்றாள் ஜிஷா வாசல் பக்கமிருந்து. யார் காதிலும் விழவில்லை.

ஸுப்ரியாவின் விரல்கள் பரபரவென்று தாளைத் தள்ளின. இரண்டாம் இதழ். மூன்றாம் இதழ். நூற்றி நாலு. அதோ தலைப்பு! ஆய்வேட்டில் இருந்த அதே தலைப்பு, அதே ஆசிரியர். அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர் கற்பனையாம்! அச்சு அசலா இருக்கு, வந்து பாருடி. போட்டோ எடுக்க வேண்டாம், இந்தக் கட்டையே கொண்டுபோய் அவர் மேஜையிலே போடறேன்."

நூற்றுப்பன்னிரண்டைத் திருப்பினாள். படித்தாள்.

சிரிப்பு முகத்திலேயே நின்றது.

கிட்டங்கி வாடகை. மிளகுக் கிட்டங்கிக்கு எந்த ஆண்டில் என்ன வாடகை, மழைக்காலத்தில் யார் எவ்வளவு தள்ளிக் கொடுத்தார்கள் என்று ஓர் அட்டவணை. அடுத்த பக்கமும் அதுவே. முந்தைய பக்கத்துக்குப் போனாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள், விரலை வரிக்கு வரி வைத்துக்கொண்டு. துப்புரவு என்ற சொல் இல்லை. திருநெல்வேலி இல்லை. மண்ணை எழுதிக் கொடுப்பதாக யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் மிளகும் வாடகையும்தான்.

"தொகுதி மாறிப்போச்சோ?" அவள் தாள்கட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "ஜிஷா, நீ வேற எங்கேயோ படிச்சதை இதுன்னு எழுதிட்டியோ? யோசிச்சுப் பாரு. மத்தத் தொகுதியையும் எடுக்கச் சொல்றேன். மோனே!"

"எடுக்க வேண்டாம் டீச்சர்."

ஜிஷா பக்கத்தில் வந்து நின்றாள். திறந்திருந்த பக்கத்தை முழுசாகப் பார்த்தாள். அவள் கையில் போன் அதிர்ந்தது. 'வந்துவிட்டார். எங்கே இருக்கிறாய்?' என்று திரையில் ஓடி மறைந்தது.

"இதுலயும் இருக்காது. எதுலயும் இருக்காது."

"நீதானேடி படிச்சேன்னே? சந்தா இருந்தப்போ?"

"சந்தா இருந்தப்ப எனக்கு இந்தத் தலைப்பே தெரியாது. நான் தேடினப்ப பூட்டியாச்சு. கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதில் வரல்ல. மத்த லைப்ரரியில கேட்டேன், வெளியாளுக்குத் தர லைசென்ஸ் இல்லன்னாங்க. உங்ககிட்டயும் வந்தேன். கவுண்டர்ல திரக்கு, ஒரே கூட்டம். தல தூக்காமலே சொன்னீங்க, நம்ம கையிலே ஒண்ணுமில்லன்னு."

ஸுப்ரியாவுக்கு ஞாபகமில்லை. அந்தப் பதிலை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம் அந்த நாலாம் அத்தியாயம்?"

"அந்த சைட்டுலயே பூட்டுக்குக் கீழ ஒரு பட்டன் உண்டு டீச்சர். அமுக்கினா மெஷினே கட்டுரையோட சுருக்கத்த எழுதித் தரும். அதுக்கு சந்தா வேண்டாம். சும்மா கிடைக்கும். அதுலதான் இருந்தது, மண்ணு எழுதித் தர்றதா வாக்குக் கொடுத்தாங்கன்னு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு நம்பரோட இருந்தது. அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். அம்மா அழுதுடுச்சு."

சுதீர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஜிஷா ஒரு விரலால் அட்டவணையைத் தொட்டாள்.

"இந்தக் கட்டுரைய நான் இன்னைக்குத்தான் டீச்சர் மொதல்மொதலாப் பாக்கிறேன்."