பிரேக் போட்டவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரயிலில் முப்பத்துநான்கு வருடம் கார்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற, தெருவே ‘கார்டு’ என்று கூப்பிடும் பெரியவர். அவர் மனைவி. வக்கீலாக இருக்கும் அவர் மகன். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசரான அவர் தங்கை. தங்கையின் கணவர், பள்ளி வேன் ஓட்டுபவர். ஆறாவது ஆள் கிடையாது. கூட இருந்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கலாம்.

“இன்னும் ஒருத்தர் வந்தா போலீஸ்ல அனுமதி வாங்கணும்,” என்றார் வேன்காரர். கார்டு அவரைப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து இரண்டு பெண்களுக்குக் கை வெந்துபோனது. குழாயை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். பிறகு பதினோரு நாள் நடைபாதையோரம் அட்டை பிடித்து நின்றார்கள். ஒரு அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள், அழுக்குத்துணி ஏற்றும் ட்ராலிகள் பன்னிரண்டையும் தள்ளிக்கொண்டு போய் நாற்சந்தியின் குறுக்கே நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் போக ஒரு பக்கம் மட்டும் வழி விட்டிருந்தார்கள். மற்றபடி நாற்பது நிமிடம் ஊர் அசையவில்லை. அந்த வாரமே புதுக் குழாய் வந்தது. கூடவே தங்கை பேருக்குச் சம்மனும் வந்தது. பொருளை வைத்துச் சாலையை மறித்தால் குறைந்தது ஆறு மாதம் சிறை என்று புதிதாக ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அந்த ஞாயிறுக்கு மறுநாள் விசாரணை.

கார்டின் குடும்பத்தில் வழக்கில் சிக்கிப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியவர் எவரும் இல்லை. பாஸ்போர்ட் விசாரணைக்குக்கூடப் போலீஸ்காரர்தான் வீடு தேடி வந்தார். அந்தப் பெயர் நாளையோடு போய்விடுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

“அத்தை, கூடி நின்னது குத்தமில்ல, அதுக்கு உரிமை இருக்கு,” என்றான் மகன். “ட்ராலிய வெச்சு மறிச்சதுதான் குத்தம். அந்த இடம் சரிவு. பிரேக் பிடிக்கல, தானா உருண்டு வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க. அபராதத்தோட முடிஞ்சிடும். அரசு வக்கீல்கிட்ட பேசிட்டேன்.”

கார்டுக்கு உயிர் வந்தது. “அப்படியே சொல்லிடும்மா.”

“பன்னெண்டுமாண்ணே?”

“என்ன பன்னெண்டு?”

“பன்னெண்டும் தானா உருண்டு வந்து, நூல் பிடிச்ச மாதிரி வரிசையா நின்னுச்சுன்னு சொல்லணுமா?”

“என் வேன்ல வர்ற ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைங்க இதைவிட நல்லா பொய் சொல்லும்,” என்றார் வேன்காரர்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் சும்மா இருங்க.” கார்டு தங்கையின் பக்கம் திரும்பினார். “அந்த பிரேக்கெல்லாம் யார் பார்க்கறது?”

தொழில் புத்தியில் வந்த கேள்வி. ரயில் கிளம்புமுன் பிரேக் சரியாக இருக்கிறதென்று பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டே முடி நரைத்தவர் அவர்.

“நான்தான். தினம் காலையில ஒவ்வொண்ணா மிதிச்சுப் பார்த்து நோட்டுல கையெழுத்துப் போடுவேன். அன்னிக்கும் போட்டேன்.”

“நாற்சந்தியில மிதிச்சது?”

“பன்னெண்டையும் நானே மிதிச்சேன். மத்தவங்களைத் தொட விடல. கேஸ் வந்தா எனக்கு மட்டும் வரட்டும்னு.”

கார்டு எழுந்துபோய், டியூட்டிக்குக் கிளம்புகிறவர் போலச் சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“ஆறு மாசம்மா,” என்றாள் அவர் மனைவி. “விளையாட்டில்ல.”

“தெரியும் அண்ணி.”

“பிரேக் பிடிக்கலன்னு அவ சொல்ல வேண்டாம்,” என்றார் கார்டு.

மகன் பேனாவை மூடினான். “அப்பா, இப்பதானே சொல்லச் சொன்னீங்க? ஜெயில்ப்பா. ஊர் என்ன பேசும்?”

“ஜெயிலுக்குப் போனாள்னு பேசும். பேசட்டும். பிரேக் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு, சரியில்லன்னு மாத்திச் சொன்னாள்னு பேச வேண்டாம். நம்ம வீட்டுல அது கிடையாது.”

“அப்ப நான் கோர்ட்ல என்ன பேசறது?”

“நீ எதுக்குப் பேசற? அவளுக்கு வாய் இருக்கு.”

“அதை நான் எழுதியே கொடுப்பேன் மச்சான்,” என்றார் வேன்காரர். இந்த முறை அவர் மனைவி சிரித்துவிட்டாள்.

மறுநாள் கார்டு இஸ்திரி போட்ட கோட்டோடு கோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படவில்லை. தங்கை கூண்டில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “நான்தான் நிறுத்தினேன். பிரேக் போட்டதும் நான்தான். எல்லா பிரேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பதினோரு நாள் ஓரமா நின்னோம். அது உரிமைன்னாங்க. யாரும் பார்க்கல. பன்னெண்டாம் நாள் பார்த்தாங்க. அது குத்தம்ங்கறாங்க. யாருமே பார்க்காத உரிமையை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றதுங்க?”

நீதிபதி காகிதத்தைக் கையில் எடுத்தார். சட்டம் தனக்கு வேறு வழி வைக்கவில்லை என்று சொல்லித் தீர்ப்பைப் படித்தார். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டார். வெளியே சலவைக்கூடத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். கார்டு நேராகப் போய் அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

கார்டு பழைய செல்வாக்கைக் காட்டித் தண்டனையைக் குறைத்து வாங்கினார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்தச் சட்டத்தில் குறைந்த தண்டனையே ஆறு மாதம். ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரு நாள் குறையாமல் தங்கை உள்ளே இருந்துவிட்டு வந்தாள்.